கண்ணாடிச் சொறியின் பிசிறு

திருப்பூருக்கு வந்த புதிதில் என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எந்தக் கம்பெனிக்குங்க போறீங்க?" கம்பெனிக்குப் போகவில்லை, கண்ணாடிக் கடையில் வேலை என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஊரே பனியன் தைக்கிறது, இவளுக்கு மட்டும் என்ன கேடு என்கிற பார்வை. என் கணவர் ஓவர்லாக் டெய்லர். துணி அவர் கையில் தண்ணீராக ஓடும். எனக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். என் கைக்குத் துணி பிடிபடவே இல்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்தவள் நான். கல்யாணத்துக்கு முன்பு சிப்பியிலும் சங்கிலும் ஓட்டை போட்டு மாலை கோத்த கை இது. சிப்பியைத் துளைக்கத் தெரிந்தவளுக்குக் கண்ணாடியைத் துளைப்பது பெரிய காரியமில்லை. இரண்டுக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் விரிசல் விடும்.

சில வருடங்கள் கழித்து வீரபாண்டிப் பக்கம் சொந்தமாகச் சின்னக் கடை போட்டேன். சாமிப் படத்துக்குக் கண்ணாடி, சலூனுக்குக் கண்ணாடி, கம்பெனி ஆபீஸுக்குத் தடுப்புக் கண்ணாடி. எல்லாம் நான்கு மூலை, நேர்க்கோடு. வேலைக்குக் குறைவில்லை. ஆனால் நான் செய்தது எதையும் யாரும் நின்று பார்த்ததில்லை. கண்ணாடியைப் பார்க்கிறவர்கள் அதில் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அல்லது அதற்குப் பின்னால் இருக்கிற சாமியைப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அது கொஞ்சம் அநியாயம்தான்.

இன்னொரு குறையும் எனக்கு இருந்தது. எத்தனை வருடமானாலும் என் பேச்சில் 'ங்க' ஒட்டவில்லை. இந்த ஊரில் பிறந்த குழந்தைகூட "ஆமாங்க", "இல்லீங்க" என்று குழையும். நான் "ஆமா" என்றால் ஆமாதான். கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்தவர்களுக்கு 'ங்க' போட நேரம் ஏது? கடைக்கு வருகிறவர்கள் நான் சண்டைக்கு நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

எங்கள் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளின் நலச் சங்கத் தலைவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். சொந்தமாக எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருப்பவர். செல்போனில் கேமரா புதிதாக வந்திருந்த காலம் அது. சரக்கு வாங்கும் பையரைப் பார்க்க வெளிநாடு போன இடத்தில், தங்கியிருந்த ஓட்டல் வாசலில் நின்ற கண்ணாடிச் சிலையை எடுத்த படம் என்று ஒன்றைக் காட்டினார். மூன்று ரோடு சேரும் இடத்தில் சங்கம் ஒரு ரவுண்டானா கட்டிக்கொண்டிருந்தது. வட்டத் தொட்டி, நடுவில் தூண், தூணின் மேல் ஏதாவது வைக்க வேண்டும்.

"கமிட்டியில எல்லாரும் அனுப்பர்பாளையத்துல சொல்லி ஒரு பெரிய பித்தளக் குடம் வெச்சுரலாங்கறாங்க. எனக்கென்னமோ இது மேல ஒரு கண்ணுங்க. என்ன பூன்னுதான் தெரியலீங்க."

படத்தை வாங்கிப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இது பூ இல்ல. சொறி."

அவர் தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "என்னதுங்க?"

சொறி என்பது கடலில் மிதக்கும் ஓர் உயிர். கவிழ்த்த குடை மாதிரி உடம்பு, விளிம்பில் தொங்கும் மெல்லிய நூல்கள். படித்தவர்கள் ஜெல்லி மீன் என்பார்கள். மேலே பட்டால் பற்றி எரியும், அப்புறம் நாள் கணக்கில் சொறிய வேண்டியதுதான். அதனால் எங்கள் கரையில் அந்தப் பெயர். வலையில் சொறி ஏறிய நாட்களில் என் அப்பாவின் கைகள் வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா ஊட்டிவிடுவாள். அந்தச் சொறியை நான் வெறுத்திருக்க வேண்டும். ஆனால் மீன்பிடி வள்ளத்தில் இருந்து குனிந்து பார்த்திருக்கிறேன். கரையில் கிடந்தால் அது கண்றாவி, கொழகொழவென்று மணல் ஒட்டிக் கிடக்கும். தண்ணீரில் பார்த்தால் ராணி. வெயில் அதன் உடம்புக்குள் போய் வெளியே வரும். கண்ணாடியை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் தலைவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "செய்ங்கம்மா. ஆனா பேர் மட்டும் வெளிய சொல்லாதீங்க. சாயத் தண்ணியில நின்னு நின்னு ஊருல பாதிப் பேரு ஏற்கெனவே சொறிஞ்சுட்டுத்தான் இருக்கறாங்க. ரவுண்டானாவுலயும் சொறின்னு எழுதி வெச்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிப் போடுவாங்க. நல்லா இல்லீன்னா குடந்தான், இப்பவே சொல்லிப் போட்டேன்."

செய்தேன். லேத் பட்டறையில் குடைக் கம்பிகள் போல் இரும்பு விலா எலும்புகள் வளைத்து வாங்கினேன். பாத்ரூம் ஜன்னலுக்குப் போடும் பால் கண்ணாடி, ஆபீஸ்களுக்கு வெட்டி மிஞ்சிய நீலக் கண்ணாடி, வரி வரியான பழைய கதவுக் கண்ணாடி எல்லாவற்றையும் விரலகலத் துண்டுகளாக வெட்டி, ஓரம் மழுக்கி, துளையிட்டு, மீன் செதில் அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் கட்டினேன். கடை வேலை முடித்துவிட்டு இதில் உட்காருவேன். என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏட்டி, கடலே வேண்டாம்னுதான இங்க வந்தோம். இங்கயும் வந்து சொறியா?"

"உங்களுக்கு என்ன? சொறியத் தின்னவா போறோம்? பேசாம இதப் பிடிச்சாப் போதும்" என்று துண்டைக் கையில் கொடுப்பேன். பிடிப்பார்.

உடம்பு முடிந்தது. நூல்கள்தான் பாக்கி. சொறிக்கு உயிரே அந்த நூல்களில்தான், அவைதான் அதன் கைகள். அதற்கு ஊரில் இருந்து என் தம்பி தங்கூசி அனுப்பியிருந்தான். மீன் பிடிக்கும் மெல்லிய நைலான் நரம்பு, தண்ணீரில் விட்டால் கண்ணுக்கே தெரியாது. தூணின் மேல் உடம்பை ஏற்றி நிறுத்தியாயிற்று. சாரத்தில் ஏறி நின்று விளிம்பு முழுக்கத் தங்கூசியைக் கட்டித் தொங்கவிட்டேன். அதில் கோக்க வேண்டிய சின்னக் கண்ணாடி மணிகள் கடையில் ஓரம் தேய்த்து ஊறிக்கொண்டிருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு. இடையில் மணிகளைக் கோத்துவிடலாம் என்று கணக்கு.

இங்கே என் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊர்க்காரர். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனுக்குப் பொறுப்பானவர். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி எடுப்பது அவர்கள் வேலை. அந்த நூலுக்குப் பெயர் பிசிறு. ஒரு பீஸில் பிசிறு இருந்தால் மொத்த லாட்டும் திரும்பி வரும் என்று பயந்து பயந்து வேலை பார்க்கிறவர்கள். அக்காவின் கழுத்தில் தாலியோடு ஒரு நாடாவும் தொங்கும், நாடாவில் சின்னக் கத்தரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. எனக்கு இந்த ஊரில் முதலில் கிடைத்த உறவு அவர்தான். நான் 'ங்க' போடாமல் பேசினால் கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள்.

திறப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாமல், எனக்கு உதவி செய்கிறேன் என்று, தன் செக்‌ஷன் பெண்கள் நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ரவுண்டானாவுக்குப் போயிருக்கிறார். ஆடிக் காற்று அடிக்கிறது, கண்ணாடியெல்லாம் புழுதி, திறப்புக்கு முன்னால் துடைத்துக் கொடுப்போம் என்று. நான் மணிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்ச் சேரும்போது சாரத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்கம்மிணி, இத்தன பெரிய வேல செஞ்சு போட்டு பிசிறு வெட்டாம உட்டுட்டீங்களே! சுத்தியும் தொங்குது. நாங்க பாத்து எல்லாத்தையும் ஒட்ட வெட்டிப்போட்டோம். இப்பப் பாருங்க, எப்பிடி இருக்குதுன்னு."

பார்த்தேன். ஒரு நூல் மிச்சமில்லை. முடிச்சோடு முடிச்சாக, அவர்கள் தொழில் சுத்தத்தில் வெட்டியிருந்தார்கள். தரையில் தங்கூசி சுருள் சுருளாகக் கிடந்தது. அதையும் ஒரு பெண் பெருக்கி அள்ளிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. "யார் உங்கள வரச் சொன்னது" என்று கத்தியது நினைவிருக்கிறது. ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அக்கா கழுத்து நாடாவில் தொங்கிய கத்தரியைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். நான் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கார் வந்தது. இறங்கி அண்ணாந்து பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அட, நல்லா இருக்குதுங்களே! போன வாரம் பாத்தப்ப நூல் நூலாத் தொங்கிட்டு ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப நீட்டா இருக்குது. குடையாட்டம். இப்பிடியே உட்ருங்க."

அவர் குடை என்றதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. என் அப்பாவின் கையை எரித்தது குடை இல்லை. ஓட்டல் வாசலில் இவர் நின்று பார்த்ததும் குடை இல்லை. இத்தனை மாதம் விரல் தேய நான் செய்தது ஒரு கண்ணாடிக் குடைக்கு என்றால், அதற்குக் குடமே தேவலை.

"நூல் இல்லாம இது நிக்காது" என்றேன்.

"நல்லாத்தானுங்களே நிக்குது?"

"நிக்க விட மாட்டேன். கையில்லாத சொறிய நாலு பேரு பாக்க நிறுத்துறதுக்குப் பதிலா நானே இறக்கிருவேன். குடமே வரட்டும்."

'ங்க' போடாத என் பேச்சு அன்றைக்கு அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.  "சரிங்க. திறப்பு அன்னிக்குக் காலையில நான் வருவேன். பிசிறாட்டம் தெரிஞ்சா நானே வெட்டிப்போடுவேன். அப்பறம் என்னைய எதுவும் சொல்லப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பியிடம் சொல்லித் திரும்பத் தங்கூசி வரவழைக்க நாள் போதாது. ஹார்டுவேர் கடைகளில் கிடைத்த நைலான் எல்லாம் துணி காயப்போடும் கயிற்றின் கனத்தில் இருந்தது. மறுநாள் காலை வீட்டு வாசலில் அக்கா வந்து நின்றார். கம்பெனிக்குப் போகிற நேரம். வேலைக்குப் போகும் சேலையில் இல்லை.

"என்ற மாமியார் ஊரு அமராவதி நகருக்குப் பக்கத்துலீங்க. டேம்ல மீன் புடிக்கறவிங்ககிட்ட அந்த நூலு இருக்கும். வாங்க, போயிட்டு வந்துரலாம்."

"ஷிப்மென்ட் வாரம்னு சொன்னீங்களே அக்கா."

"லீவு சொல்லிப் போட்டேன்."

சரக்கு வெளிநாட்டுக்குப் போகிற ஷிப்மென்ட் வாரத்தில் செக்கிங் பொறுப்பாளர் லீவு போடுவது இந்த ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். என் கோபம் முழுசாக இறங்கவில்லை. இருந்தாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உடுமலை வரைக்கும் பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

அணையில் தண்ணீர் நிறைய இருந்தது. அக்கா மேலே வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடலு இத்தாப் பெருசு இருக்குமுங்களா அம்மிணி?"

சிரிக்கத் தோன்றவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, கடலைப் பார்க்காதவரிடம் போய்ச் சொறியின் கையை ஏன் வெட்டினாய் என்று கத்தியிருக்கிறேன். "இதுக்கு அந்தப் பக்கம் கரை தெரியுது. கடலுக்கு அது தெரியாது" என்றேன். சொறியைப் பற்றியும் சொன்னேன். அது நீந்துவது, நூலை விட்டுத் துழாவுவது, தொட்டால் எரிவது, அதற்குப் பயந்து பெரிய மீன்கூட விலகிப் போவது.

"அப்ப அது பிசிறில்லீங்க" என்றார் அக்கா. "கை. கையையா வெட்டிப் போட்டேன்?" கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "கைய வெட்டுனதுக்கு உங்க சொறி என்னைய ஒண்ணுமே பண்ணலீங்களே அம்மிணி. நீங்கதான் நல்லா எரிச்சுப் போட்டீங்க." இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. பரிசல்காரர் ஒருவர் வலை பின்ன வைத்திருந்த தங்கூசியில் ஒரு கண்டு கொடுத்தார். எதற்கு என்று கேட்டவரிடம் அக்கா, "கை வெக்கறதுக்குங்க" என்றார். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

கட்டுவது லேசாக இல்லை. அவர்கள் ஒட்ட வெட்டியிருந்ததால் விளிம்பு வரிசைக் கண்ணாடி முழுவதையும் கழற்றி, முதலில் இருந்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது. என் கணவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து சாரத்தைப் பிடித்தார். செக்கிங் பெண்கள் தினமும் கம்பெனி விட்டு நேராக வந்தார்கள். தொட்டிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து மணி கோத்தார்கள். நூலை வெட்டியே பழகிய விரல்கள், நூலை நீளமாக விட்டுவைக்கக் கூசின. அடிக்கடி ஒருத்தி கை தன்னை அறியாமல் கத்தரிக்குப் போகும், பக்கத்தில் இருப்பவள் தட்டிவிடுவாள். கடைசியில் அக்கா எல்லாக் கத்தரியையும் வாங்கி என் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுப் பூட்டச் சொன்னார். தன்னுடையதையும் நாடாவோடு கழற்றிக் கொடுத்தார். அந்தக் கழுத்தை வெறுமையாக நான் பார்த்தது அந்த வாரம்தான்.

எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. இதைச் சொல்வதில் வெட்கமில்லை. நூல் தொங்கினால் வெட்டுகிற ஊர் இது. தலைவர் ஒருவரை நான் பேசி நிறுத்திவிடலாம். தினமும் இந்த வழியே கம்பெனிக்குப் போகிற அத்தனை கைகளையும் என்ன செய்வது? ஆனாலும் ஒற்றைக் காலில் நின்றேன். குடமானாலும் ஆகட்டும், குடையாக விட மாட்டேன்.

திறப்பு அன்று காலை தலைவர் சொன்னபடி எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். தொட்டியில் தண்ணீர் விட்டிருந்தோம். காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரே சீராக அடித்தது. நூல்கள் எல்லாம் ஒரு பக்கமாக எழுந்து, தணிந்து, மறுபடி எழுந்தன. தங்கூசி கண்ணுக்குத் தெரியவில்லை. மணிகள் மட்டும் அந்தரத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு மிதந்தன. உடம்புக்குள் போன வெளிச்சம் நீலமாக வெளியே வந்து தண்ணீரில் ஆடியது. வள்ளத்தில் இருந்து குனிந்து பார்த்தது இப்போது தலைக்கு மேலே இருந்தது. 

தலைவர் சாரத்தின் முதல் பலகையில் ஏறினார். காற்றில் ஒரு நூல் அவர் பக்கம் வந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் அதைப் பிடித்தார். பிடித்து, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். கத்தரி இல்லாதபோது பிசிறைச் சுண்டி அறுக்க இந்த ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். அவரும் சின்ன வயதில் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் இருந்து மேலே வந்தவர் என்று பிற்பாடு அக்கா சொன்னார். பக்கத்தில் அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் விரலைப் பார்த்தார். சுற்றிய நூலின் நுனியில் ஒரு மணி, அதில் அவர் சட்டையின் வெள்ளை தெரிந்திருக்கும். சுற்றை மெதுவாகப் பிரித்தார். நூல் கையை விட்டு நழுவிக் காற்றோடு போனது.

"இருக்கட்டுமுங்க" என்றார்.

கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் முதல் தொட்டி கட்டிய கான்ட்ராக்டர் பெயர் வரை இருந்தது. என் பெயரும் இல்லை, சொறியின் பெயரும் இல்லை. பெயர் இல்லாத ஒன்றை ஊர் சும்மா விடுமா? அக்காவின் செக்‌ஷன் பெண்கள் கம்பெனியில் கதையைப் பரப்பியிருந்தார்கள். சில மாதங்களிலேயே அந்த மூன்று ரோட்டுச் சந்திப்புக்குப் 'பிசிறு ரவுண்டானா' என்று பெயர் நிலைத்துவிட்டது. மினி பஸ்ஸில் ரவுண்டானாவும் போய் வெறும் 'பிசிறு' ஆனது. எனக்கு முதலில் வயிறு எரிந்தது. நான் செய்தது சொறி. வெட்டி எறிகிற குப்பையின் பெயரையா அதற்கு வைப்பது? யாராவது சொன்னால் திருத்திக்கொண்டே இருந்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மாலை கண்ணாடி வெட்டும் வைரப்பேனா வாங்க டவுனுக்குப் போய்விட்டு மினி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கம்பெனி விட்ட நேரம். கழுத்தில் நாடாவோடு பெண்கள், புதிதாக வந்த இந்திக்காரப் பையன்கள், எங்கள் பக்கத்து டெய்லர்கள் என்று பஸ் பிதுங்கி வழிந்தது. ரவுண்டானா நெருங்கியதும் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, இறங்க ஆள் இருக்கிறதா என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பிசிறு இருக்குதுங்களா? பிசிறு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

செக்கிங் டேபிளில் நாள் முழுக்கக் கேட்கிற அதே கேள்வி. ஜன்னல் வழியே பார்த்தேன். சாயங்கால வெளிச்சத்தில் அதன் கைகள் அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தன. இத்தனை கத்தரிகள் தினமும் கடந்து போகும் வழியில் ஒன்றுகூடக் குறையவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இருக்குதுங்க" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.